மனப்பாடமாகச் சொன்ன கடைசி வரி

செவ்வாய், இரவு.

வயதில் தேயும் விழித்திரை நரம்பைக் காக்கும் புது மருந்தை எனக்குக் கொடுத்துச் சோதிக்கிறார்கள். இன்று எழுத்துப் பலகையின் கடைசி வரி தெரியவே இல்லை. ஒப்புக்கொள்ளப் பயந்து, போன தடவை மனதில் நின்றதைச் சொல்லிவிட்டேன்.

"கொள்ளாம் அங்கிள், மருந்து கேக்குது!" என்று மலையாளி டாக்டர் மகிழ்ந்துபோனார்.

வெளியே காத்திருந்த, பள்ளுருத்தியிலிருந்து வரும் செல்விக்கு அது கேட்டுவிட்டது. அவளுக்கும் இதே நோய்.

"அண்ணே, நெசமாவே தெரியுதா? நானும் சேரட்டுமா?"

"நல்லாத் தெரியுது. சேரும்மா."

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். பஸ் நிறுத்தம்வரை கூடவே வந்தாள். பஸ் போர்டு எனக்கு வெறும் மங்கல். அவள் எதிரே யாரிடமும் கேட்க முடியாமல், வந்த பஸ்ஸில் ஏறினேன். அது என் வீடு இருக்கும் மட்டாஞ்சேரிக்கு வரவில்லை, இடப்பள்ளிக்குப் போனது.

டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடலாம். செல்வியிடம் எப்படிச் சொல்வேன்?