அப்பா, இனி யாரும் தண்ணீர் கேட்பதில்லை

என் செல்ல அப்பாவுக்கு,

நீங்கள் போய் இரண்டு வருடம் ஆகப்போகிறது. இத்தனை நாளும் எழுதாதவள் இப்போது எழுதுகிறேன் என்றால் அதற்கு ஒரு நல்ல செய்திதான் காரணம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் நீங்கள் பதறுவீர்கள். அம்மா நன்றாக இருக்கிறாள். டாக்டரே சொல்லிவிட்டார்.

அப்படியென்றால் நடுவில் ஏதோ கெட்டது நடந்திருக்கிறதே என்று உடனே கேட்பீர்கள். நடந்தது. அதைச் சொல்வதற்கு முன் உங்கள் டீவியைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனென்றால் எல்லாம் அதன் முன்னால்தான் தொடங்கியது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் மற்ற வீடுகளில் படம் ஓடும் நேரத்தில் நம் வீட்டில் சிறுத்தை ஓடும். சிக்னல் பெட்டிகளைப் பழுது பார்த்துவிட்டு வந்து, கிரீஸ் போகும்வரை கையைத் தேய்த்துக் கழுவி, பனியனோடு உங்கள் நாற்காலியில் உட்காருவீர்கள். ஆங்கிலத்தில் பேசுகிறவர் ஒரு வரி சொன்னால் நீங்கள் அம்மாவுக்காகத் தமிழில் மூன்று வரி சொல்வீர்கள். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்திலும் நம் கழுத்திலும் எலும்பு ஒரே கணக்குதான் என்று நீங்கள் சொன்ன அன்று, அம்மா தன் கழுத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவள் அவள். நுரையீரலும் ஈரலும் அவளுக்கு உங்கள் வாய் வழியாகத்தான் தெரியும்.

ஆனால் ஓர் இடம் வந்தால் உங்கள் குரல் மாறிவிடும். ஆண் சிங்கம் பெண் சிங்கத்தின் பக்கம் ஒரு தினுசாக நடந்து வந்தாலே போதும், "மரியா, கொஞ்சம் தண்ணி கொண்டா" என்று அம்மாவை அனுப்பிவிடுவீர்கள். குட்டி போடும் காட்சிக்கும் அதே தண்ணீர்தான். எனக்கு வேறு வேலை வைத்திருந்தீர்கள், கேட் பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு வர வேண்டும். தம்பி அருளை மட்டும் எங்கும் அனுப்ப மாட்டீர்கள். ஆண்பிள்ளை பார்த்தால் பரவாயில்லை என்று நினைத்தீர்களோ என்னவோ. குட்டி எப்படி வந்தது என்று அவனிடம் விசாரித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன், அதிலும் பாதி அவனுடைய புளுகு.

அம்மா தண்ணீரோடு திரும்பி வருவதற்குள் குட்டி எழுந்து நின்று பால் குடித்துக்கொண்டிருக்கும். நீங்கள் டம்ளரைத் தொடவே மாட்டீர்கள். அவ்வளவும் வாசலில் இருந்த கறிவேப்பிலைக்குப் போகும். அந்த வரிசையிலேயே நம் கறிவேப்பிலைதான் செழிப்பு, ஞாபகம் இருக்கிறதா? மனித உடலைப் பற்றிய தொடர் வந்தபோதும் இதே கதைதான். மூளை பார்த்தோம், இதயம் பார்த்தோம், குடல் வரைக்கும் போனோம். தொப்புளுக்குக் கீழே நம் வீட்டில் மனித உடம்பே கிடையாது.

சிரித்துக்கொண்டுதான் எழுதுகிறேன் அப்பா. கொஞ்சம் கோபமும் இருக்கிறது, அதை ஏன் மறைக்க வேண்டும்?

ஓய்வு பெற்ற பிறகு உங்களுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. அம்மாவை ரயிலில் கூட்டிக்கொண்டு புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போக வேண்டும். ஊரார் எல்லாம் போவதற்கு சிக்னல் போட்டே காலம் ஓடிவிட்டது, நானும் என் பெண்டாட்டியும் ஒரு தடவையாவது ஜன்னலோரம் உட்கார்ந்து போகணும் என்பீர்கள். ஒவ்வொரு ஜூலையும் கேட்டீர்கள். ஒவ்வொரு ஜூலையும் அம்மா "நீங்க போய்ட்டு வாங்க" என்றாள். முதலில் முழங்கால் வலி என்றாள், அப்புறம் தலைசுற்றல், கடைசியில் காரணம் சொல்வதையே விட்டுவிட்டாள். நீங்கள் தனியாகப் போய் வந்து மெழுகுவர்த்தியை மேசையில் வைத்துவிட்டு, சில நாள் அவளோடு முகம் கொடுத்துப் பேச மாட்டீர்கள்.

கோயிலிலும் அவள் கதவோரக் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். பூசையில் எல்லாரும் முழந்தாளிடும்போது இவள் மட்டும் உட்கார்ந்திருப்பாள். கல்யாணம், காதுகுத்து என்று எதற்கும் வருவதில்லை. வயதானதும் பெருமை வந்துவிட்டது என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். நீங்கள் அப்படிப் பேசவில்லை. ஆனால் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது, நான் உங்கள் தலையணையைச் சரிசெய்து கொண்டிருக்கையில் சொன்னீர்கள்.

"உங்கம்மாவுக்கு என்கூட வெளிய வர்றதுல இஷ்டமே இல்லம்மா. விடு, இனிமே நான் கேக்கப் போறதில்ல."

எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நீங்கள் போன பிறகு அம்மா கிள்ளானுக்கு என் வீட்டோடு வந்துவிட்டாள். உங்கள் நாற்காலியும் டீவியும் கூடவே வந்தன. அவள் சாப்பாடு குறைந்தது, பேச்சு குறைந்தது. ஒருநாள் பீரோவைத் திறந்து, மெல்லிய கரை போட்ட சந்தன நிறச் சேலை ஒன்றை எடுத்துக் காட்டி, தன்னைப் பெட்டியில் வைக்கும்போது அதைத்தான் கட்டிவிட வேண்டும் என்றாள். உங்களை நினைத்து இப்படிப் பேசுகிறாள் என்று நான் அவளை அதட்டிவிட்டேன். அவள் நிஜமாகவே நாள் எண்ணிக்கொண்டிருந்தாள் என்பது எனக்குத் தெரியாது.

அப்புறம் அந்தச் சனிக்கிழமை மத்தியானம். சாப்பிட்டுவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். யானைகளைப் பற்றிய நிகழ்ச்சி. உங்கள் வேலையை இப்போது நான் செய்கிறேன், ஆங்கிலத்தைத் தமிழாக்கி அம்மாவுக்குச் சொல்வது. கர்ப்பமாக இருந்த யானை ஒன்று கூட்டத்தை விட்டு விலகி நின்று காலை மாற்றி மாற்றி வைத்தது. அம்மா சட்டென்று எழுந்து அடுப்படிப் பக்கம் நடந்தாள். கையில் டம்ளரும் எடுத்துவிட்டாள்.

"அம்மா, யாரும் தண்ணி கேக்கல. வந்து உக்காரு."

டம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. வந்து உட்கார்ந்தாள். இரண்டு பிள்ளை பெற்றவள், இத்தனை வருடம் உங்களோடு மிருகங்களைப் பார்த்தவள், ஒரு குட்டி பிறப்பதை டீவியில் முதல் தடவையாக அன்றுதான் முழுசாகப் பார்த்தாள். குட்டி பொத்தென்று விழுந்ததும் மற்ற யானைகள் ஓடிவந்து சூழ்ந்துகொண்டன. அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

"குட்டி வந்தப்புறம் உள்ள இருக்கறதும் இறங்கி வருமா?"

நஞ்சுக்கொடியைக் கேட்கிறாள் என்று நினைத்து, ஆமாம், அதுவும் பின்னாடியே வந்துவிடும் என்றேன்.

"அதில்ல. கர்ப்பப்பையே. எனக்கு இறங்கி வெளிய நிக்குதும்மா. ரொம்ப வருஷமா."

டீவியை நிறுத்தினேன். அதற்குப் பிறகு அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். அருள் பிறந்த கொஞ்ச நாளிலேயே தொழிற்சாலைக் கேன்டீனுக்குத் திரும்பிப் போய்ச் சோற்று அண்டா தூக்கினாளே, அப்போதே அடிவயிறு இழுத்ததாம். வயது ஏற ஏற இறங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நடந்தால் உரசும், உட்கார்ந்தால் வலிக்கும், அடக்க முடியாமல் சிறுநீர் போய்விடும். அதனால்தான் கதவோரப் பெஞ்சு. அதனால்தான் முழந்தாளிடாதது. அத்தனை மணி நேரம் ரயிலில் எப்படி உட்காருவது என்று பயந்துதான் ஒவ்வொரு ஜூலையும் உங்களிடம் மாட்டேன் என்றிருக்கிறாள். நீங்கள் போன பிறகு ரத்தமும் பட ஆரம்பித்திருக்கிறது. பெரியம்மா கர்ப்பப்பைப் புற்றுநோயில் போனதை வைத்து, தனக்கும் அதேதான் என்று தானே முடிவு கட்டிவிட்டாள். அந்தச் சேலை அதற்குத்தான்.

அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். அவள் கோபமாகச் சொல்லவில்லை அப்பா, சாதாரணமாகத்தான் சொன்னாள்.

"அவருக்கு அந்த மாதிரி விஷயம்லாம் கூச்சம்லா. டீவியில யானைக்கு வந்தாலே பாக்க மாட்டாரு. எனக்கு வந்தத எப்படிக் கேப்பாரு?"

உங்கள் மேல் எனக்குக் கோபம் வந்தது அந்த நேரத்தில்தான். அது நிலைக்கவும் இல்லை. உங்களுக்கும் யாரோ ஒருவர் அப்படித்தான் தண்ணீர் எடுக்க அனுப்பிப் பழக்கியிருப்பார்கள். அவள் தைரியமாகச் சொல்லியிருந்தால் கேட்டிருப்பீர்களா? கேட்டிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். முதலில் முகம் சிவந்திருக்கும். அப்புறம் கர்ப்பப்பையைத் தாங்குகிற தசைக்கு என்ன பெயர் என்று டாக்டரைத் துளைத்து எடுத்திருப்பீர்கள்.

அவளை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் ஒரு மலாய்க்காரப் பெண், என் வயதுதான் இருக்கும். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்கு அம்மா தலையைக் குனிந்துகொண்டு "சுடா லாமா" என்றாள், ரொம்ப நாளாச்சு என்று. டாக்டர் திட்டவில்லை. காகிதத்தில் படம் போட்டுக் காட்டினார். கர்ப்பப்பையைத் தாங்குகிற தசை சாரோங் தொட்டில் மாதிரி, பாரம் தூக்கித் தூக்கித் துணி தளர்ந்தால் பிள்ளை தரையைத் தொட்டுவிடும் இல்லையா, அப்படித்தான் என்றார். நான் மொழிபெயர்க்க வாயைத் திறப்பதற்குள் அம்மா தலையாட்டிவிட்டாள். அவள் கட்டிய சாரோங் தொட்டிலில் வளர்ந்தவள்தானே நான். இது நிறைய பெண்களுக்கு வருவதுதான், பாதிப் பேர் வெட்கப்பட்டு வெளியே சொல்வதில்லை என்றும் டாக்டர் சொன்னார். அந்த 'நிறைய பெண்கள்' என்ற சொல்லைக் கேட்டதும் அம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

ஆனால் ரத்தம் பட்டது எதனால் என்று தெரிய வேண்டுமே. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை நான் ஆபீசில் சரக்குக் கப்பல் பெயர்களைத் தப்புத் தப்பாக அடித்துக்கொண்டிருந்தேன். அம்மா அமைதியாக இருந்தாள். அவள் எப்போதோ அழுது முடித்திருந்தாள், எனக்குத்தான் புதிது. உங்கள் படத்துக்கு முன்னால் நின்று, அம்மாவையும் கூப்பிட்டுக்கொள்ளாதீர்கள், கொஞ்ச நாள் எங்களோடு இருக்கட்டும் என்று கெஞ்சினேன். உங்களுக்குக் கேட்டதா?

கேட்டிருக்கிறது. புற்றுநோய் இல்லை அப்பா. வெளியே நின்ற சதை துணியில் உரசி உரசிப் புண்ணாகி, அதிலிருந்து வந்த ரத்தம்தான். அம்மா நம்பாமல் "பெத்துல்?" என்று கேட்டாள். நிஜம்தான் என்று டாக்டர் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எனக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அம்மா அழவில்லை. என் பக்கம் திரும்பி மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப அந்தச் சேலைய நான் சும்மாவே கட்டலாம்ல?"

ஆபரேஷன் இப்போதைக்குத் தேவையில்லை. புண் ஆறியதும், உள்ளே தாங்கிப் பிடிக்க ஒரு மெத்தென்ற வளையம் பொருத்தினார்கள். அவ்வப்போது போய் மாற்றிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இத்தனை வருட வேதனைக்கு ஒரு வளையம்! உங்களுக்கு இந்த மாதிரி எளிமையான வைத்தியம் என்றால் எவ்வளவு பிடிக்கும். வீட்டுக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தாள், எழுந்தாள், மறுபடி உட்கார்ந்தாள். வலிக்கவில்லை என்றாள். அதை அவள் சொன்ன விதத்தை உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

இப்போது அவளை வீட்டில் பிடிப்பது கஷ்டமாக இருக்கிறது. பஸ் பிடித்து லிட்டில் இந்தியா கடைத்தெருவுக்குத் தனியாகப் போய் முறுக்கு வாங்கி வருகிறாள். போன ஞாயிறு பூசையில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து முழந்தாளிட்டாள். எழுந்திருக்க என் தோளைப் பிடித்துக்கொண்டாள், அது நிஜமாகவே முழங்கால் வலி.

இதையெல்லாம் எல்லாரும் படிக்கிற மாதிரி எழுதலாமா என்று அவளிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். நீங்கள் கூச்சப்படுவீர்கள், தெரியும். அவள் யோசித்துப் பார்த்துவிட்டு, எழுது, எங்கேயாவது ஒருத்தி கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள், அவள் படிக்கட்டும் என்றாள்.

நாங்கள் இப்போதும் டீவி பார்க்கிறோம், தொப்புளுக்குக் கீழேயும். நிகழ்ச்சி தொடங்குவதற்கு முன் அம்மா ஒரு டம்ளர் தண்ணீரை உங்கள் படத்துக்கு முன்னால் வைத்துவிடுகிறாள். இனி நடுவில் எழுந்திருக்க மாட்டாளாம்.

வருகிற ஜூலையில் புக்கிட் மெர்தாஜாமுக்குப் போகிறோம். ரயிலில்தான். நம் பழைய குவார்ட்டர்ஸ் பக்கத்திலேயே ஏறி, ஜன்னலோரம் அவளை உட்கார வைத்துக் கூட்டிப் போவேன். அந்தச் சந்தன நிறச் சேலையைக் கட்டிக்கொண்டு வருவாள். அன்னம்மாளுக்கு முன்னால் உங்கள் பெயரில் மெழுகுவர்த்தி ஏற்றுவது அவள் கையாகத்தான் இருக்கும், இது என் வாக்கு.

கடிதத்தை முடிக்கப் போகிறேன், அப்பாவுக்கு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டேன். முறுக்கு டப்பாவை மூடிக்கொண்டே சொன்னாள்.

"உங்ககூட வர எனக்கு ஆசையாத்தான் இருந்துச்சு, ஒவ்வொரு தடவையும். அத எழுது."

எழுதிவிட்டேன் அப்பா.

கேட் பூட்டியிருக்கிறதா என்று இன்றும் பார்த்துவிட்டுப் படுக்கிற,
உங்கள் மகள்
ரீத்தா