பேழையை எண்ணினார்கள்

பென்சில்வேனியா
ஜூன் மாதம், செவ்வாய்க்கிழமை

என் மகள் ராய்சலுக்கு அம்மா எழுதுவது. சியாட்டிலில் மழை விடவே விடாது என்கிறார்கள், நீ நனையாமல் இருக்க வேண்டும், வேளாவேளைக்குச் சாப்பிட வேண்டும், அதுதான் எனக்கு முதல் கவலை, மற்றதெல்லாம் அப்புறம். என் சுகத்தைக் கேட்டால் முட்டி ஆபரேஷனுக்குப் பிறகும் வலி போனபாடில்லை, மாடிப்படி ஏறினால் உயிர் போகிறது, மற்றபடி மூச்சு வருகிறது போகிறது. நீ யூத குருவாக, ரபியாகப் பட்டம் பெற்ற அன்று மேடையில் பேசிய நன்றி உரையைத் தட்டச்சு செய்து அனுப்பியிருந்தாய், வந்து சேர்ந்தது. நேரில் உட்கார்ந்து கேட்கத்தான் கொடுத்துவைக்கவில்லை, அடுப்படியில் நின்றபடி படித்தேன், சூப் அடிப்பிடித்துவிட்டது. செத்துப்போன அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்து அழுதேன். பாத்திரம் கழுவக் கூப்பிடாமல் அம்மா என்னைப் படிக்க விட்டாள் என்று என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறாய், அது பொய்யடி, கூப்பிட்டேன், நீதான் வரவில்லை. ஜல்கின் தன் செருப்புக் கடையின் பின்னறையில், அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் உன்னை உட்கார வைத்துத் நம் வேதமான தோராவை வாசிக்கும் ராகம் சொல்லிக் கொடுத்ததை எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது அவருடைய கடையின் தோல் வாசனையே வந்தது. ஜெபத்துக்குப் பத்துப் பேரைச் சேர்க்க வீடு வீடாகப் போன் செய்த என் ஊர் ஜனங்களே, உங்களால்தான் நான் ரபி ஆனேன் என்று முடித்திருந்தாய்.

நீ கேட்டுக்கொண்டபடியே சனிக்கிழமை ஜெபம் முடிந்து எல்லாரும் கீழ்க்கூடத்தில் ஹெர்ரிங் மீனும் தேன் கேக்குமாக உட்கார்ந்திருந்தபோது எழுந்து நின்று முழுவதையும் வாசித்தேன். ஈரமில்லாத கண் ஒன்றுகூட இல்லை. நம் ஜெப ஆலயத் தலைவர் கான்ட்ரோவிட்ஸ், கல்லுளிமங்கன், அவரே மூக்கைச் சிந்தினார், இதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டணும் பெஸ்ஸி என்றார். ஜல்கின் தேன் கேக்கைத் தட்டிலேயே வைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், முகமெல்லாம் பெருமை. அந்தச் சந்தோஷத்தில்தான், அசட்டுத் தைரியத்தில், உரையோடு நீ அனுப்பிய கடிதத்தின் கடைசிப் பத்தியையும் வாசித்தேன். வருகிற தம்மூஸ் மாதத்தில் அப்பாவின் முதல் வருஷ நினைவு நாளுக்கு நீ வருவாய், அவர் நின்ற இடத்தில் நின்று அவருக்காகக் கடிஷ் ஜெபம் சொல்வாய், அன்றைக்கு ஒரு நாள் மட்டும் உன்னையும் பத்துப் பேரில் ஒருத்தியாக எண்ண வேண்டும் என்று கேட்டிருந்தாயே, அதை. எஃகு ஆலையை மூடியதிலிருந்து ஊரே காலியாகிறது, பல் டாக்டர் பெர்ல்ஸ்டைன் கிளீவ்லாந்துக்குப் போன பிறகு நம்மிடம் மிஞ்சியது ஒன்பது ஆண்கள், உனக்கே தெரியும். பத்தில்லாமல் இறந்தவர்களுக்கான அந்த ஜெபத்தைச் சொல்ல முடியாது என்பதும் உனக்குத் தெரியும். நீ வந்தால் பத்து. அவர்களுக்கே லாபம் என்றுதான் நினைத்தேன்.

முதலில் வாய் திறந்தது ஜல்கின்தான். ஏம்மா பெஸ்ஸி, அவ படிச்ச படிப்புல பாதி எனக்கு இல்ல, அதை நான் எங்க வேணா நின்னு சொல்வேன், ஆனா அந்த எண்ணிக்கைல பொம்பளை வரமாட்டா, எங்கப்பா காலத்துல வரல, என் காலத்துலயும் வராது என்றார். அப்ப எதுக்குய்யா அவளுக்குச் சொல்லிக் குடுத்தீங்க என்று கேட்டேன். பிள்ளை பசின்னு வந்து நின்னா போடாம இருப்பாங்களா, கேட்டா, குடுத்தேன் என்றார். குரலில் கோபமே இல்லை, ராய்சல், அதுதான் எனக்கு ஆறவில்லை. யாரும் உன்னை வெறுக்கவில்லை. வெறுத்திருந்தால் நாலு வார்த்தை திட்டிவிட்டு வந்திருப்பேன். கான்ட்ரோவிட்ஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, நம்ம பொண்ணு வரட்டும், தாராளமா வரட்டும், மேல பொம்பளைங்க பக்கம் உன் பக்கத்துல உக்காரட்டும், தேன் கேக் நானே வாங்கித் தரேன் என்றார். மனுஷன் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார்.

அடுத்த சனிக்கிழமை நடந்ததை எழுதாமல் விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன், மனசு கேட்கவில்லை. ஒன்பது பேரும் நின்றார்கள், வாசலைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போனது. ஒருவரும் வரவில்லை. அப்போது ஜல்கின், ஒன்பது பேரும் பேழையும் சேர்ந்தா பத்துன்னு பழைய நூல்ல பெரியவங்க சொல்லியிருக்காங்க என்றார். போய்ப் பேழையின் கதவைத் திறந்து வைத்தார்கள். உள்ளே தோராச் சுருள்கள், சுற்றிலும் மரச் சட்டம், அதைப் பத்தாவது ஆளாக எண்ணிக் கடிஷ் சொன்னார்கள். நான் மேலே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தப் பழைய நூலிலேயே இன்னொரு பெரியவர் பேழை என்ன மனுஷனா என்று கேட்டதாக நீதானே ஒரு பண்டிகைக்கு வந்தபோது எனக்குச் சொன்னாய், சிரித்தோமே. காது கிடையாது, வாய் கிடையாது, ஆமென் சொல்லத் தெரியாது, மரம். அது ஆகும், நீ ஆகமாட்டாய். உன் அப்பா ஒவ்வொரு வருஷமும் அந்தக் கதவுக்கு வார்னிஷ் பூசுவார். இந்த ஊருக்கா நன்றி சொன்னாய் என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அதன் பிறகு நான் அங்கே போகவில்லை.

போவதற்கு இனி இடமும் இல்லை. போன வியாழக்கிழமை ஜல்கினுக்குப் பக்கவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது, டாக்டர் கையை விரித்துவிட்டார். எட்டுப் பேருக்குப் பேழையும் உதவாது, ஆகவே கான்ட்ரோவிட்ஸ் கதவைப் பூட்டிவிட்டார், தோராச் சுருள்களை பிட்ஸ்பர்க்கில் ஒரு சபைக்குக் கொடுக்கப் பேசிக்கொண்டிருக்கிறார். நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனேன். அவர் மனைவி மில்லி காப்பி குடிக்க வெளியே போன நேரம் பார்த்து என்னைக் கண்ணால் கூப்பிட்டார். வாய் கோணிப் போயிருந்தது, குனிந்து கேட்க வேண்டியிருந்தது. பெஸ்ஸி, எனக்குப் பிள்ளை குட்டி கிடையாது, அங்க உன் பொண்ணை எண்ணுவாங்கல்ல, அங்க நின்னு எனக்கும் கடிஷ் சொல்வாளான்னு கேக்குறியா என்றார். அப்படியென்றால் அந்தப் பேழையைச் சொல்லச் சொல்லுங்கள் என்று என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டு வந்துவிட்டேன்.

ஆகையால் நீ வராதே. டிக்கெட் எடுத்திருந்தால் திருப்பிக் கொடுத்துவிடு. அப்பாவுக்கு அங்கேயே சொல், உன்னை எண்ணுகிறவர்கள் நடுவில் நின்று சொல். இங்கே நான் வருஷ நினைவு மெழுகுவத்தி ஏற்றி வைத்துக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருப்பேன், எனக்கு அது போதும் என்று எழுதலாம், ஆனால் போதாது, பொய் எதற்கு. கல்லறைக்குப் போய் வரவும் இனி துணைக்கு ஆள் இல்லை. எனக்கு நாளைக்கு ஒன்று ஆனால் இந்த ஊரில் மண் போடவும் அவசரமாக ஆள் தேட வேண்டியிருக்கும், அதை இப்போதே தெரிந்து வைத்துக்கொள். நீ ஸ்வெட்டர் போட மறக்காதே, பெரிய படிப்புப் படித்துவிட்டால் சளி பிடிக்காது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை.

சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாளைப் போலக் கடவுள் உன்னை வைத்திருக்கட்டும், உன்னைக் காக்கட்டும், உன் முகத்தில் அவர் வெளிச்சம் படட்டும். வெள்ளிக்கிழமைதோறும் உன் தலையில் கை வைத்து அப்பா சொன்னது, இப்போது வெறுங்காற்றில் கை வைத்து நான் சொல்கிறேன்.

ஒன்றை மட்டும் மறக்காமல் குறித்துக்கொள். ஜல்கினின் ஜெபப் பெயர் எலியேசர், ஹிர்ஷின் மகன். தகப்பன் பெயர் இல்லாமல் நினைவு ஜெபம் சொல்ல முடியாதே என்று இன்று காலை நானே மில்லிக்குப் போன் செய்து கேட்டு வாங்கினேன்.

இப்படிக்கு,
உன் அம்மா
பெஸ்ஸி