தலையணை உறையில் ஒரு இஞ்ச்

ஜூலை 6, ஞாயிறு

தையல் கடைக்கு விடுமுறை. பொத்தான் டப்பாவைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டுக்காரர் வந்து நின்றார். "கோயில் ஊருக்குப் போறோம். மூணு நாள். மறுபேச்சு கிடையாது." இருபத்தாறு வருஷமாக பஸ் கண்டக்டர். வீட்டிலும் அவர் விசில் ஊதினால் வண்டி கிளம்பிவிட வேண்டும்.

சாமியிடம் கேட்க எனக்கு எதுவும் இல்லை என்றேன். "கேக்காமலே இரு. சும்மா வா" என்றார்.

கேட்க ஒன்று இருக்கிறது. அதை இந்த நோட்டில்கூட நான் எழுதுவதில்லை.

ஜூலை 8, செவ்வாய்

விடியும்போது இறங்கினோம். ஊர் பாதித் தூக்கத்தில் இருந்தது. மழை இல்லை, ஆனால் தெருவெல்லாம் ஈரம். ஈரத் துணியோடு எத்தனையோ பேர் நடந்து போகிறார்கள், ஒருவருக்கும் அவசரமில்லை. குளத்துப் படியில் உட்கார்ந்தேன். தண்ணீருக்குள் கோபுரம் தலைகீழாக நின்று லேசாக ஆடிக்கொண்டிருந்தது. யாராவது முங்கினால் கலைந்துபோகும். பிறகு மெல்ல மெல்லத் தன்னைத் தானே சேர்த்துக்கொள்ளும். எவ்வளவு நேரம் பார்த்தேனோ தெரியாது. நான் யார், என் வேலை என்ன என்பதெல்லாம் மறந்தே போயிருந்தது. "இறங்கற ஸ்டாப் வந்தாச்சும்மா" என்று அவர் வந்து தோளைத் தட்டினார்.

மதியம் லாட்ஜில் படுத்தேன். தலையணைக்கு உறை போதவில்லை. தலையணையின் முனை வெளியே நாக்கை நீட்டிக்கொண்டிருந்தது. அவருடைய தலையணையும் அப்படியே. நிமிர்ந்து பார்த்தால் ஜன்னல் திரைக்குக் கீழே ஒரு கோடு வெளிச்சம். என் பையில் டேப் இல்லாமல் இருக்காது. எடுத்து அளந்தேன். தலையணை இருபத்தாறு, உறை இருபத்தைந்து. ஜன்னல் நாற்பத்தெட்டு, திரை நாற்பத்தேழு.

இரண்டிலும் அதே ஒரு இஞ்ச். இனி எழுதித்தான் ஆக வேண்டும்.

அப்பாவின் டேப்பில் முதல் இஞ்ச் நைந்துபோனது. அவரே அதை வெட்டி எறிந்துவிட்டார். அதனால் அந்த டேப் ஒன்றிலிருந்துதான் தொடங்கும். பன்னிரண்டு என்று காட்டினால் உண்மையில் பதினொன்றுதான். அடுத்தவர் எழுதிக்கொடுத்த அளவுக்கு வெட்டும்போது ஒன்று கூட்டிக்கொள்ள வேண்டும். அப்பாவுக்குப் பிறகு அந்த டேப்பை வைத்திருந்த தம்பி அதை மறந்துவிடுவான். ஒன்பது வருஷத்துக்கு முன்பு ஒரு பள்ளிக்கூட ஆர்டர், நூற்று நாற்பது பாவாடை, அத்தனையும் ஒரு இஞ்ச் குட்டை. கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது கத்தினேன். "நீ தையக்காரனே இல்லடா. நீ பொறந்ததே தப்பு."

அவன் டேப்பைக் கழுத்தில் போட்டபடியே வெளியே போனான், திரும்பி வரவே இல்லை. அவ்வளவுதான்.

ஜூலை 9, புதன்

பருத்தித் துணி துவைத்தால் சுருங்கும். இதற்குப் போய் என்ன ஆட்டம்?

ஆனாலும் லாட்ஜ் மேனேஜரிடம் கேட்டேன், இதெல்லாம் யார் தைத்தது என்று. அவர் சிரித்தார். "வடக்குத் தெருவுல ஒருத்தர் இருக்காரும்மா. தங்கமான மனுஷன். என்ன, எழுதிக் குடுத்தா ஒரு இஞ்ச் குட்டையா வரும். இது பழைய உறை. இப்பல்லாம் ஒண்ணு சேர்த்தே எழுதிக் குடுத்துடறோம். இந்த ஊர்ல எல்லாரும் அப்படித்தான்."

எல்லாரும் அப்படித்தான். நான் ஒருத்திதான்...

வடக்குத் தெரு முனை வரை போனேன். தையல் மெஷின் சத்தம் கேட்டது. திரும்பி வந்துவிட்டேன். ஊரே ஏதோ கனவுக்குள் நடக்கிற மாதிரி இருக்கிறது, மணிச்சத்தம் எங்கோ தொலைவிலிருந்து வருகிறது. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டால்? வீட்டுக்காரரிடம் சொன்னேன். "உன் தம்பி. நீதான் போகணும்" என்றார். விசில் ஊதவில்லை.

ஜூலை 10, வியாழன்

போனேன்.

ஒற்றை மெஷின், ஒரு மேஜை. முன்தலை வழுக்கையாகிவிட்டது. கழுத்தில் அதே டேப். நிமிர்ந்து பார்த்து, "உக்காருக்கா" என்றான், டீ குடிக்கப் போய்த் திரும்பியவளிடம் சொல்வதுபோல. மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்த மன்னிப்பு வரவில்லை. "இந்தக் கருமம் பிடிச்ச டேப்பை இன்னும் மாத்தலையா?" என்றுதான் வாயில் வந்தது. பிறகு அழுதேன். எட்டூருக்குக் கேட்டிருக்கும்.

"பாவாடை குட்டையாத்தானேக்கா இருந்துச்சு" என்றான்.

"அதுக்காக? அந்த வார்த்தையை நான் சொல்லலாமாடா?"

கத்தரியைக் கீழே வைத்தான். "சொல்லியிருக்க வேணாம்."

அதைச் சொல்ல அவனுக்கு ஒன்பது வருஷம் ஆயிருக்கிறது. கேட்க எனக்கும். பிறகு எழுந்து வந்தான். "நில்லு, உனக்கு ஒரு ஜாக்கெட் தைக்கறேன். நல்லா பெருத்துட்டே." தோளில் டேப் விழுந்தது. கண்ணை மூடிக்கொண்டேன். வீட்டுக்கு வருவாயா என்று கேட்டேன். "கையைத் தூக்கு" என்றான்.

ஜூலை 11, வெள்ளி

பஸ் கிளம்பும்போது ஓடிவந்து பொட்டலத்தைக் கொடுத்தான். "பாக்கலாம்க்கா." அவ்வளவுதான். நான் அதைப் பிரிக்கவில்லை. ஜாக்கெட் கை ஒரு இஞ்ச் குட்டையாக இருந்தாலும் போட்டுக்கொள்வேன், தையலைப் பிரித்து விட மாட்டேன் என்று முடிவு செய்துகொண்டேன்.

ஜூலை 12, சனி

போட்டுப் பார்த்தேன். அச்சாகப் பொருந்துகிறது.

கண்ணாடி முன் முட்டாள்போல நின்றேன். அந்த டேப்பாலேயே அளந்து அந்த டேப்பாலேயே வெட்டினால் எதுவும் குறையாது. அடுத்தவர் எழுதிக்கொடுத்த அளவுக்குத்தான் குறையும். மெஷினுக்கடியில் தவழ்ந்து வளர்ந்தவள் எனக்கா இது தெரியாது? நாலு நாள் முன்பு நானே எழுதியதுதான். அவன் வெட்டினால் குட்டை என்ற பழைய கோபம் அதையும் மறக்கடித்துவிட்டது.

ஆகஸ்ட் 2, சனி

பள்ளிக்கூட ஆர்டர் வந்திருக்கிறது. போனில் சொன்னேன். தம்பி திங்கட்கிழமை வருகிறானாம். வெட்டிக் கொடுக்க மட்டும்தானாம், இரண்டே நாளாம். டேப் இருக்கிறது, வேறு எதுவும் கொண்டுவர மாட்டேன் என்கிறான்.

அளவுத்தாளோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு எண்ணோடும் ஒன்று கூட்டி, புதுத் தாளில் எழுதி, மேஜைமேல் வைத்திருக்கிறேன்.