தள்ளி நின்று கொடுத்தவளுக்கு

இவருக்கு நேற்றிலிருந்து ஜலதோஷம். கைக்குட்டையில் நீலகிரித் தைலத்தை நனைத்துத் தலையணை மேல் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறார். காலையில் காபி கொண்டுபோனவள் அறை வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். அந்த வாசனை வந்தால் எனக்கு நீதான் வருகிறாய். தைலம் தடவிய துணியை மூக்கின் மேல் இறுகக் கட்டி, அந்தக் காரத்தில் கண் சிவந்து, ஜீவனஹள்ளி வீட்டு வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருக்கிறாய்.

நீ போய் ஒரு வருஷம் ஆகப் போகிறது. உன்னிடம் சொல்லாமல் விட்டவை கொஞ்சம் இருக்கின்றன.

அந்த விஷக்காய்ச்சல் வந்தபோது உன் புருஷன் சண்டைக்குப் போய் பஸ்ராவில் இருந்தார். வீட்டில் நீயும் உன் நைனாவும்தான். ஊரெல்லாம் ஜட்கா ஓட்டிய மனிதருக்குக் கண் மங்கிவிட்டது. சுவரைத் தடவித்தான் நடப்பார். பக்கத்து வீட்டில் எனக்கு மடியில் கைக்குழந்தை. மூலை வீட்டுப் பையன் ஒருநாள் மாலை தலைவலி என்று படுத்தான், மறுநாள் அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதற்குப் பிறகு நம் தெருவில் கதவுகள் திறக்கவில்லை.

கடையில் மட்டும் கூட்டம் குறையவில்லை. அரிசிக்குப் பஞ்சம் வேறு. ஒருநாள் அந்த நெரிசலில், இருமுகிறவர்களுக்கு நடுவே, எதிர்வீட்டு டெய்லர் பாய் பையோடு நிற்பதைப் பார்த்தாய். அவருக்கு அப்போதே நன்றாக வயதாகிவிட்டது, வீட்டில் அவர் மனைவி படுக்கையில். பையை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாய்.

"வூட்டுக்குப் போங்க பாய். நாளைலேருந்து அரிசி உங்க வாசலுக்கு வரும். நீங்க வெளிய வரக்கூடாது."

"நீ யாரும்மா எனக்கு ஹுக்கும் போட?" என்றாராம்.

"எதுத்த வூட்டுக்காரி" என்றாயாம். அதை என்னிடம் சொல்லும்போது சிரித்தாய்.

பாய் வீட்டோடு கோடிவீட்டுக் கங்கம்மாவும் சேர்ந்தாள். கன்னடக்காரி, பிள்ளை குட்டி இல்லாத கிழவி. கடைக்கு நீதான் போவாய். வாங்கி வந்ததை எங்கள் கொல்லையில் வைத்துவிட்டு விலகிக்கொள்வாய். வெயிலில் அது நன்றாகக் காய்ந்த பிறகு நான் அரிசி, கேழ்வரகு மாவு, பருப்பு, வெல்லம் என்று வீட்டுக்கு ஒரு மூட்டையாகப் பிரித்துக் கட்டுவேன். அந்த மூட்டைகளை மூங்கில் கழியில் மாட்டி நீ எடுத்துப் போவாய். வாசற்படியில் இறக்கிவிட்டுத் தெருவின் மறுபக்கம் போய் நின்றுகொண்டு குரல் கொடுப்பாய். அவர்கள் வந்து எடுத்து உள்ளே போகும் வரை அங்கேயே நிற்பாய். காலையில் சுகமாக எழுந்தவர்கள் ஜன்னலில் ஒரு துணி தொங்கவிட வேண்டும் என்பதும் உன் ஏற்பாடுதான். பாய் அதற்கென்று சிவப்புத் துணியில் ஓரம் அடித்துக் கொடி மாதிரி தைத்துவிட்டார். "தொழில் மறந்துடக்கூடாதில்ல" என்று ஜன்னலுக்குள்ளிருந்து கத்தினார்.

இதையெல்லாம் யார் உனக்குச் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டேன். "பிளேக்கு வந்தப்ப எங்கம்மா பக்கத்து வூட்டுல கஞ்சி குடுக்கப் போனாங்க. உள்ள போயி ஊட்டி வுட்டுட்டு வந்தாங்க" என்றாய். கழியைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாய். அந்த பிளேக்குக்குப் பிறகு நீ அம்மா இல்லாமல்தான் வளர்ந்தாய் என்பது எனக்குத் தெரியும்.

தெருத்தெருவாகப் போகிறவள் என்பதால் நைனாவிடமும் நீ கிட்டப் போகவில்லை. முன்கட்டில் நீ, பின்கட்டில் அவர். தட்டைப் பின்வாசல் முக்காலியில் வைத்துவிட்டுக் கிணற்றடிக்கு நகர்ந்துவிடுவாய். வேலிக்கு இந்தப் பக்கம் குழந்தையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எனக்கு எல்லாம் காதில் விழும்.

"பாப்பா, இங்க வந்து குந்து. மூஞ்சியே தெரியல எனக்கு."

"காய்ச்சல் போவட்டும் நைனா."

"எனக்கு இன்னா காய்ச்சலு? நான் நல்லாத்தான் கீறேன்."

"அதுக்குத்தான்."

அவருக்கு அது விளங்கவே இல்லை. கண் தெரியாதவருக்குக் கைதானே எல்லாம். நான் நைனாவுக்குச் சோறு போடட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "உன் மடியில புள்ள இருக்குது" என்றாய், அவ்வளவுதான்.

அன்றைக்கு நீ கங்கம்மா வீட்டிலிருந்து திரும்பும்போது வெயில் ஏறியிருந்தது. நைனா பின்வாசலில் நிலையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். காலடி ஓசையில் தலையைத் திருப்பினார்.

"பாப்பா, கொஞ்சம் கிட்ட வா."

"கை கால் கழுவிக்கினு வரேன் நைனா." வெகு நாளைக்குப் பிறகு வருகிறேன் என்று நீ சொன்னதைக் கேட்டு நான் கூட நிமிர்ந்து பார்த்தேன்.

"சீக்கிரம் வா" என்றார்.

நீ தண்ணீர் சேந்தினாய். சீயக்காயைத் தேய்த்து முழங்கை வரை கழுவினாய். முகத்தில் கட்டிய துணியை அவிழ்த்து அலசினாய், வேறொன்று எடுத்துக் கட்டிக்கொண்டாய். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அவர் தலை நிலையில் சாய்ந்தபடி இருந்தது. தூங்குகிறார் என்றுதான் நான் நினைத்தேன், நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய். கிட்டப் போய் "நைனா" என்றாய். ஈரக் கையை அவர் கன்னத்தில் வைத்தாய். பிறகு முகத்துத் துணியைப் பிய்த்தெறிந்துவிட்டு அவரை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டாய்.

காய்ச்சல் இல்லை, இருதயம் நின்றுவிட்டது என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போனார். மாதா கோயிலிலிருந்து சாமியார் வந்து ஜெபம் சொன்னார். தூக்க ஆள் கிடைப்பதே கஷ்டமாக இருந்தது. பெட்டி வாசலைத் தாண்டும்போது பாய் தொப்பியைப் போட்டுக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார். அழுதுகொண்டிருந்த நீ சட்டென்று கையை நீட்டினாய்.

"அங்கியே நில்லுங்க பாய். வராதீங்க."

"பேட்டீ, ஒரு பிடி மண்ணு போட வேணாமா நான்?"

"நீங்க நல்லா இருக்கணும். அங்கியே நில்லுங்க."

நின்றார். அந்தக் கிழவர் நடுத்தெருவில் தனியாக நின்று, பெட்டி திருப்பத்தில் மறையும் வரை கையேந்திப் பிரார்த்தித்துக்கொண்டிருந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

மறுநாள் நீ மூட்டைக்கு வரமாட்டாய் என்று நினைத்தேன். வந்தாய். கங்கம்மா உன்னைப் பார்த்ததும், "இவத்து பேட மகளே, மனேகே ஹோகு" என்று, இன்றைக்கு வேண்டாம், வீட்டுக்குப் போ என்று, படியிலிருந்தே கெஞ்சினாளாம். நீ மூட்டையை வைத்துவிட்டு எதிர்ப்பக்கம் போய் நின்றாயாம்.

காய்ச்சல் ஓய்ந்தது. பாயும் அவர் மனைவியும் கங்கம்மாவும் பிழைத்திருந்தார்கள். அதற்குப் பிறகும் சில வருஷங்கள் இருந்தார்கள். அவர்கள் உன்னை வாழ்த்தும்போதெல்லாம் நீ ஏதாவது வேலை இருப்பதாகச் சொல்லி நகர்ந்துவிடுவாய். உன் புருஷன் நொண்டிக்கொண்டு திரும்பி வந்தார், கொஞ்ச காலம் வாழ்ந்தார். நைனாவைப் பற்றி நீ பேசியது ஒரே ஒரு தடவை. கல்லறைத் திருநாளன்று பூ வைத்துவிட்டுத் திரும்பி வரும்போது சொன்னாய்: "அவரு என்னைக்குமே என்னை அவசரப்படுத்தினதில்லடி. அன்னைக்கு மட்டும் சீக்கிரம் வான்னாரு. எனக்குத் தெரிஞ்சிருக்கணும்." நான் ஏதோ ஆறுதல் சொன்னேன். என்ன சொன்னேன் என்பது நினைவில்லை. நீ கேட்டமாதிரியும் தெரியவில்லை.

போன வருஷம் உனக்கு க்ஷயம் என்று தெரிந்ததும் நீயாகவே கதவைச் சாத்திக்கொண்டாய். உன் தட்டு, உன் டம்ளர், எல்லாம் தனி. நான் வந்தால், "அங்க குந்து, அந்த ஜன்னலாண்ட" என்பாய். உன் பேச்சுக்குக் கட்டுப்பட்டு அங்கேயே உட்கார்ந்து ஊர்க்கதையெல்லாம் சொல்லிவிட்டுப் போவேன். கடைசி வாரம் உன்னால் குரலை உயர்த்த முடியவில்லை. உதடு அசைந்தது, வார்த்தை என்னிடம் வந்து சேரவில்லை. நான் எழுந்து வந்து கட்டிலில் உட்கார்ந்தேன்.

தலையை அசைத்தாய். "தள்ளிப் போ. உன் புள்ளைக்கு இப்பதான் கல்யாணம் ஆச்சு."

"அவன் தனி வூட்டுல கீறான். எனக்கு வயசாயிடுச்சு. பேசாம இரு" என்று உன் கையை எடுத்து என் கைக்குள் வைத்துக்கொண்டேன். மூங்கில் கழி பிடித்த கை, எலும்பாகிப் போயிருந்தது.

"இது தப்புடி" என்றாய்.

ஆனால் இழுத்துக்கொள்ளவில்லை. தப்பு தப்பு என்று முணுமுணுத்துக்கொண்டே, இருந்த பலத்தையெல்லாம் சேர்த்து என் விரல்களை இறுக்கினாய். நீ தூங்கிப் போகும்வரை அந்தப் பிடி தளரவில்லை. உன்னிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான்.