சாரலில் காயாத நாற்காலி

ஜூலை 4, வெள்ளி

விடிஞ்சதுலேருந்து சாரல். கொடியில போட்ட துணி மூணு நாளா ஈரம்.

அப்பா நாற்காலியில பச்சை பெயிண்ட் ஒருவழியா உரிஞ்சது. அடியில நீலம், அதுக்கும் அடியில காப்பிக் கலர். பொங்கலுக்குப் பொங்கல் ஜன்னலுக்கு அடிச்ச மிச்சத்தையெல்லாம் இதுலயே பூசி வச்சிருக்காங்க. கால் சந்துல இன்னும் போகலை. நகம் உடைஞ்சது. விரலெல்லாம் எரிச்சல்.

இடுப்பு ஆபரேஷன் முடிஞ்சு அப்பா திங்கக்கிழமை வீட்டுக்கு வந்தாச்சு. "படுக்க விடாதீங்க, வாக்கரைக் குடுத்து நடக்க வைங்க"ன்னு டாக்டர் படிச்சுப் படிச்சுச் சொன்னார். இவர் கட்டிலை விட்டு இறங்கணுமே! "என் நாற்காலி வரட்டும்ட்டி, எந்திரிக்கேன்." ரிட்டையர்டு ஏட்டு. வீம்புக்குக் குறைச்சல் இல்ல.

அவர் வர்றதுக்குள்ள பளபளன்னு ஆக்கிரலாம்னு நான்தான் ஆரம்பிச்சேன். யாரு கேட்டா?

5, சனி

முதல் கோட் பாலிஷ். "அரை மணி நேரத்துல காஞ்சிரும்"னான் யூடியூப்காரன். அவன் ஊர்ல காயும். இங்க சாயங்காலம் வரை பிசுபிசுப்பு, அப்புறம் மாவு தூவின மாதிரி வெள்ளையாப் பூத்துப் போச்சு.

வாங்கினது: உப்புத்தாள், ஸ்பிரிட், பழந்துணி. கடை அண்ணாச்சிக்குச் சிரிப்பு. "டீச்சர், குத்தால சீசன்ல ஊரே குளிக்க வருது, நீங்க பாலிஷ் போடுதீங்களாக்கும்?" சில்லறையைப் புடுங்கிட்டு வந்துட்டேன். வயித்தெரிச்சல்.

7, திங்கள்

ஸ்கூலுக்கு லீவு நீட்டியாச்சு. பழசைத் தேய்ச்செடுத்து மறுபடி ஒரு கோட். முடி காயவைக்கிற டிரையரைக் காட்டினேன். கொப்புளம் கொப்புளமா வந்துது. சனியன்.

அம்மா: "மனுசன் அங்கன கிடையாக் கிடக்காரு, நீ இங்கன கட்டைக்கு அலங்காரம் பண்ணிக்கிட்டு இரி."

அப்பா காலுக்குத் தைலம் தேய்ச்சேன். ஆடுசதை தொளதொளன்னு இருக்கு. இப்படியே படுக்கையாகிருவாரோ. பயமா இருக்கு. என்னாலதான்.

9, புதன்

மூணாவது கோட்டும் வெள்ளையாப் பூத்துருச்சு. உப்புத்தாளை முற்றத்துல விட்டெறிஞ்சேன். ஒரு நாற்காலி, ஒரே ஒரு நாற்காலி, அதுக்குக்கூட எனக்குத் துப்பில்லையான்னு சத்தம் போட்டு அழுதுட்டேன்.

உள்ள கட்டில் கிறீச்சுன்னுது. தரையில வாக்கர் சத்தம். "ஏங்க, பாத்து, பாத்து"ன்னு அம்மா.

நடைவாசல்ல அப்பா. நின்னுக்கிட்டு. முகமெல்லாம் வேர்வை, மூச்சு வாங்குது.

"கூறுகெட்டவளே, சாரல்ல எவளாவது பாலிஷ் போடுவாளாட்டி?"

கைக்குக் கிடைச்ச ஸ்டூலை ஓடிப்போய்ப் போட்டேன். உக்காந்துட்டார். நான் புது உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க, உக்காந்த இடத்துலேருந்து ஒரே ஏச்சு. "குறுக்க தேய்க்காதட்டி, மரத்துல கோடு ஓடுது பாரு, அது போக்குல தேய்."

சரிப்பான்னேன். கொஞ்ச நேரத்துல அலுத்துப்போய் உள்ள போய்ப் படுக்க வாக்கரைப் புடிச்சார். நான் மறுபடி குறுக்க ரெண்டு இழுப்பு இழுத்தேன். "ஏட்டி!"ன்னு திரும்ப உக்காந்துட்டார்.

நாளைக்கும் குறுக்கதான் தேய்ப்பேன்.