அந்த பாய்லர் படம் நான் வரைஞ்சது

என் பவுனு,

அன்னிக்கு காலைல பத்து மணி பன்னெண்டு நிமிசம். பாய்லர் ரூம் டெலிபோன் அடிச்சுது. மேனேஜர் ஆபீஸ் கிளார்க்கு. "தாமு, ஜெயில்லேந்து தகவல் வந்துகீதுப்பா. ஜொரமாம். உன் சம்சாரம்..." அப்புறம் அவரு சொன்னது எதுவும் காதுல வுழல. எதுக்கால இருந்த கடிகாரம் மட்டும் தெரிஞ்சுது.

பதினோரு மணிக்கு ரீடிங் எடுத்தேன் பவுனு. ஆவி அழுத்தம் நூத்திப்பத்து. நோட்டுல எழுதி கையெழுத்தும் போட்டேன். அந்தக் கையெழுத்து எப்பவும் போல நேராத்தான் கீது. இன்னா மனுசன் நானு?

பதினேழு நாள் ஆச்சு. நேத்து காரியம் முடிஞ்சுது. காத்திவாக்கத்துலேந்து உங்க நைனா வந்தாரு. கெளம்பறப்போ கேட்டாரு: "என் பொண்ணு இன்னா தப்பு பண்ணுச்சு மாப்ள?"

அவருக்குச் சொல்லாத பதிலத்தான் இங்க எழுதறேன். உனுக்குத்தான் எழுதறேன், ஆனா உன்னோட மில்லுல நூல் சுத்தற ரீலிங் பொண்ணுங்களும் கேக்கட்டும்.

நீ பண்ணது இன்னா? சாப்பாட்டு மணில, மில்லு காம்பவுண்டு ஓரம் புங்க மரத்தடில உக்காந்து அவங்களுக்கு ஒரு கதைப் பொஸ்தகம் படிச்சு சொன்னே. அவ்ளோதான். அவங்கள்லாம் சாப்டுவாங்க, நீ ஒருத்தி படிப்பே. படிக்கிறவ எப்போ துன்றது? அதனால ஆளுக்கு ஒரு கை சோறு உன் டப்பா மூடில எடுத்து வெப்பாங்க. "எந்த வூட்டுக் கொழம்புன்னே தெரில மாமா, எல்லாம் ஒரே ருசி"ன்னு வந்து சிரிப்பே.

மில்லு தொழிலாளிங்க சங்கத்து வாசகசாலைல அந்தப் பொஸ்தகம் ஒண்ணே ஒண்ணுதான். அத்த நோட்டுல உருண்டை உருண்டையா எழுதிகினே. மான்செஸ்டர் மில்லு ஜனங்க கதை. நூத்தி முப்பது வருசம் முன்னால எங்களுக்கும் ஓட்டு குடுன்னு ஒரு மைதானத்துல கூடுனாங்க. பொம்பளைங்க வெள்ள உடுப்பு போட்டுகினு, கொயந்தைங்கள தூக்கிகினு வந்தாங்க. கவர்மெண்டு குதிரைப்படைய கத்தியோட உள்ள வுட்டான்.

அன்னிக்கு உன் பக்கத்து மெஷின் தாயாரக்கா கேட்டாங்களாமே, "இன்னாடி சொல்றே? வெள்ளக்காரன் வெள்ளக்காரனையேவா வெட்டுனான்?"

"சொந்த ஜனத்தயே வெட்டுனவன் நம்மள வுடுவானாக்கா?"ன்னு நீ கேட்டியாம்.

அதுக்கு தாயாரக்கா, "அப்ப அவனும் நம்ம சூப்பர்வைசர் ஜாடைதான்"னு சொல்ல, மொத்தப் பேரும் சிரிச்சதுல அந்த ஆளே எட்டிப் பாத்தானாம்.

அப்புறம் கதைல இருவது வருசத்துக்கு மேல ஓடிப்போச்சு. லட்சக்கணக்குல ஜனங்க கையெழுத்துப் போட்ட மனுவை பார்லிமெண்டு ரெண்டு தபா தள்ளிடுச்சு. கூலியும் கொறைச்சான். ஜனங்க மில்லு மில்லா நடந்து போய் பாய்லர் அடைப்பானப் புடுங்குனாங்க. மில்லுங்க நின்னுச்சு. புடிச்சு ஜெயில்ல போட்டான், கப்பல்ல ஏத்தி கண்காணாத தேசத்துக்கு அனுப்புனான்.

அந்த எடத்துல நீ நின்னுட்டே. "அடைப்பானப் புடுங்குனா மில்லு எப்டி மாமா நிக்கும்? நாளைக்கு கேப்பாளுங்க, நான் இன்னா சொல்ல?"

நான் பெரிய ஃபிட்டராச்சே. உன் நோட்ட வாங்கி, ஸ்கேல் வெச்சு வரைஞ்சேன். தண்ணி இங்க, நெருப்பு இங்க, அடைப்பான் இங்க. தண்ணி எறங்குனா ஆவி இல்ல, ஆவி இல்லாட்டி இஞ்சின் இல்ல. அம்புக்குறி போட்டு அளவு கூட எழுதுனேன். மான்செஸ்டர் பாய்லர நான் எங்க கண்டேன்? தெனம் பாக்கறது நம்ம மில்லு பாய்லரு. அத்தயே வரைஞ்சுட்டேன். ரெண்டு பாய்லரு, எடது பக்கம் சிம்னி, அப்டியே.

சங்கத்து ஆளுங்களத் தேடிகினு போலீஸ் வூடு வூடா பூந்தப்போ அந்த நோட்டு சிக்குச்சு. இன்ஸ்பெக்டர் கதையப் படிக்கல. படத்தப் பாத்தான். "மில்லு பாய்லர ஒடைக்க பிளானா? யார் வரைஞ்சது?"

நான் அங்கதான் நின்னுகினு இருந்தேன். வாயத் தொறக்கறதுக்குள்ள நீ முந்திக்கினே. "நான்தான் சார். ஏன், பொம்பளைக்கு கோடு போட வராதா?"

அப்போ என்ன ஒரு பார்வ பாத்தியே. பேசாதன்னு தான அர்த்தம்? நானும் பேசல. உன்னையும், கூட உக்காந்து கதை கேட்டாங்கன்னு தாயாரக்காவையும் புடிச்சுகினு போனாங்க. மூணு மாசம் பேசல. நீ உள்ள ஜொரத்துல படுத்துகினு கெடந்தப்போ கூட பேசல. பயம் பவுனு. வேற ஒண்ணும் இல்ல.

இன்னிக்கு ஷிப்டுக்கு வந்ததும் மேனேஜர் கூப்ட்டாரு. ஒரு காயிதம் நீட்டுனாரு. "படம் என் சம்சாரம் வரைஞ்சது, தாயாரோட சேந்து மில்ல நாசம் பண்ண சதி பண்ணா." கீழ என் கையெழுத்து வேணுமாம்.

"போனவங்க மேல பழியப் போட்டா யாருக்கு நஷ்டம் தாமு? நீ சின்ன வயசு. ஃபோர்மேன் ஆகலாம்."

யாருக்கு நஷ்டமா? தாயாரக்கா இன்னும் உள்ளதான் கீறாங்க. அதே நோட்டு, அதே படம். நாளைக்கு அவங்க கேஸ் வருது. நான் இதுல கையெழுத்துப் போட்டா அவங்களும் உன்ன மாதிரியே வெளிய வருவாங்க, நாலு பேர் தோள்ல.

வெள்ளக்காரன் போய்ட்டான்னு கொடி ஏத்துனோமே, மிட்டாய் குடுத்தோமே. அவன் லத்தி போகல, அவன் சட்டம் போகல. மான்செஸ்டர்ல ஓட்டு கேட்டது குத்தம். இங்க அந்தக் கதையப் படிச்சது குத்தம்.

பாய்லர் ரூம்ல உக்காந்துதான் இத்த எழுதறேன். அடைப்பான் கைக்கு எட்ற தூரத்துல கீது. ஒரு நிமிசம் கையும் போச்சு. இழுத்துகினேன். நான் புடுங்குனா போலீஸ் சொன்ன பொய்ய நானே நெசமாக்குன மாதிரி ஆவும். நீ படிச்சது கதைதான். அது கதையாவே நிக்கணும்.

நாளைக்கு கோர்ட்டுக்குப் போறேன். சட்டைப் பையில பென்சில் வெச்சுக்கினேன், ஸ்கேலும் கீது. "அந்தப் படம் நான் வரைஞ்சது சார். நம்பலன்னா ஒரு காயிதம் குடுங்க, உங்க எதுக்காலயே வரையறேன். அம்புக்குறி, அளவு, என் எழுத்து, எல்லாம் ஒத்துப் பாத்துக்கோங்க. இங்கிலீசு ஜனங்க கதைய என் பொண்டாட்டிக்கு வெளக்குனது சதின்னா, அந்தச் சதி என்னுது." உங்க நைனாவையும் வரச் சொல்லிகீறேன். அவரு கேட்டதுக்கு பதில் அங்க கெடைக்கும்.

என்ன உள்ள தள்ளலாம். தள்ளட்டும். உன் நோட்டு போலீஸ் கைல, ஆனா நீ வூட்ல சத்தமா படிச்சுப் பாத்ததெல்லாம் என் காதுல கீது. வெளிய இருந்தா புங்க மரத்தடில சொல்லுவேன், உள்ள இருந்தா அங்க இருக்கறவங்களுக்குச் சொல்லுவேன். நீ நிறுத்துன எடத்துலேந்து. அவங்க ஓட்டு வாங்கற வரைக்கும் கதை கீது பவுனு. இது உன் மேல சத்தியம்.

டெலிபோன் மறுபடி அடிக்குது. கையெழுத்து போட்டாச்சான்னு கேக்கத்தான். நீ போன சேதி சொன்ன அதே டெலிபோன். ரிசீவர எடுத்து மேசை மேல படுக்க வெச்சுட்டேன். கத்திகினு கெடக்கட்டும்.

உன் அத்த மவன், உன் புருசன்,
தாமு