மூன்றாம் சுற்றின் மணி

மகனே,

மாம்பழம் நன்றாக விற்கிறது. நேற்று உன் சண்டையைப் பக்கத்துக் கடை நிர்சாவின் போனில் பார்த்தோம்.

கியூபா குத்துச்சண்டை அணியில் உனக்கு எப்போதும் மூன்றே சுற்று. அணியை விட்டோடி மியாமியில் பணத்துக்கு ஆடிய முதல் சண்டையில், மூன்றாம் சுற்று முடிந்ததும், இன்னும் சுற்றுகள் இருப்பதை மறந்து, ஜெயித்துவிட்டதாக நினைத்து நடுவரிடம் கையை நீட்டினாய். எல்லாரும் சிரித்தோம்.

நேற்று பன்னிரண்டாவது சண்டை. தலையில் அடி வாங்கி, மூன்றாம் சுற்றின் மணி அடித்ததும் மறுபடி அப்படியே கையை நீட்டி நின்றாய்.

"உம் புள்ள இன்னும் திருந்தலையேடி," என்றாள் நிர்சா. நான் சிரிக்கவில்லை. உள்ளே அடிபட்ட பழம் எனக்குத் தெரியும்.

அடுத்த சண்டை வேண்டாம். கேட்டால், "நல்லாத்தாம்மா இருக்கேன்" என்பாய். உன்னை இங்கே விடமாட்டார்கள், என்னை அங்கே விடமாட்டார்கள்.

நடுவர்தான் உன் தோளைப் பிடித்து மூலைக்குத் திருப்பிவிட்டார். அந்த அளவுக்குக்கூடக் கை எட்டாத,

உன் அம்மா